மிக்ஸி சுருளிப்பட்டிக்குப் போன கதை

ஓடிக்கொண்டிருக்கும் எதையும் அது பாட்டுக்கு ஓட விட என்னால் முடியாது. எழுபத்தாறு வயதில் இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டி, அதன் பிறகு அது போட்ட சத்தத்திலேயே பத்து வருடம் தூங்கியவன் நான். (மனைவி தூங்கவில்லை.) முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் என்பதால், இந்தக் கெட்ட பழக்கத்துக்கு ‘ஆராய்ச்சி மனப்பான்மை’ என்று பெயர் வைத்துக்கொள்ளும் வசதி எனக்கு இருந்தது. மற்றவர்கள் இதை அரிப்பு என்பார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அரிப்பு முழுநேர வேலையாகிவிட்டது. பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்த ஒரு ஷெட் கட்டியிருந்தோம். கார் வாங்கவில்லை. அந்த இடத்தில் நான் ஒரு சி.என்.சி. ரவுட்டர் செய்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை மரத்தில் தானாகச் செதுக்கும் இயந்திரம் அது. ஒரு மேஜை, அதன் மேல் இடம் வலமாகவும் முன்னும் பின்னும் மேலும் கீழும் நகரும் ஒரு கை, கையின் நுனியில் சுழலும் வெட்டுமுனை. ஒவ்வொரு திசைக்கும் ஒரு மோட்டார். கடையில் வாங்கினால் பெரிய விஷயம். நான் மேஜை டிராயர் சறுக்குகளையும், ஹார்டுவேர் கடை மரைக் கம்பிகளையும், பழைய பிரிண்டரிலிருந்து பிடுங்கிய மோட்டார்களையும் வைத்துச் செய்தேன். மோட்டாரையும் கம்பியையும் இணைக்க அடுப்படி கேஸ் டியூபில் மூன்று துண்டு வெட்டிக்கொண்டேன். (புது டியூப். அதையும் மனைவி இன்னும் மறக்கவில்லை.)

அந்த இயந்திரம் மாட்டுவண்டி வேகத்தில் போகும். ஒரு பெயர்ப் பலகைக்கு அரை நாள் ஆகும். ஆனால் கோடு பிசகாது. தெருவில் நாலு வீட்டு வாசலில் அது செதுக்கிய பெயர்கள் இருக்கின்றன. எல்லாம் ஒழுங்காக ஓடியது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மின்வெட்டு எங்கள் எல்லோரையும் பாடாய்ப் படுத்திய 2008, 2009 காலம் அது. போடியில் இருந்த என் தங்கை முத்துலட்சுமியின் மகள் கயல்விழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கம் பெண்ணை மணையில் உட்கார வைப்பது தாய்மாமன். சீர் கொண்டுபோவதும் அவன்தான். தங்கை வீட்டில் ஒரு பழைய இரட்டை மணை இருந்தது. நாலடி நீளப் பலாப் பலகை. எங்கள் அப்பாவும் அம்மாவும் அதில் உட்கார்ந்துதான் தாலி கட்டிக்கொண்டார்கள். நானும் என் மனைவி பாக்கியமும் அதில்தான், பிறகு தங்கையும் மச்சானும் அதில்தான். நிச்சயத்தன்று, சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் நான் எழுந்து சபையில் அறிவித்தேன்: அந்த மணையில் சுற்றிலும் தாமரைக்கொடியும் நடுவில் மணமக்கள் பெயரும் செதுக்கித் தருவேன், என் மிஷின் செதுக்கும், தாய்மாமன் சீரில் அதுதான் முதல் தட்டு.

தங்கைக்கு முகம் சுருங்கியது. “அண்ணே, அது பாட்டுக்கு இருக்கட்டுமே. வழவழன்னு நல்லாத்தான இருக்கு.”

“நீ சும்மா இரு ஆத்தா. அண்ணன் எதுக்கு இருக்கேன்?”

எதற்கு இருந்தேன் என்பது பின்னால் தெரிந்தது.

இருந்த இயந்திரத்திலேயே அதைச் செதுக்கியிருக்கலாம். மூன்று நாளில் முடிந்திருக்கும், நானும் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் சபையில் ‘என் மிஷின்’ என்று சொன்ன வாயால் கேஸ் டியூப் என்று சொல்ல முடியுமா? மணை வீட்டுக்கு வந்த அன்றே இயந்திரத்தைப் பிரித்துப் போட்டேன். கோயம்புத்தூர் பழைய சாமான் கடைகளில் அலைந்து பால் ஸ்க்ரூ என்ற உயர்ந்த ரகத் திருகுத் தண்டு வாங்கிவந்தேன். மோட்டார்களைப் பெரிதாக்கினேன். கேஸ் டியூபுக்குப் பதிலாக, உத்தமபாளையத்தில் லேத் வைத்திருந்த இப்ராகிம் பாயிடம் அலுமினியத்தில் கப்ளிங் கடைந்து வாங்கினேன். மோட்டார் தண்டும் திருகுத் தண்டும் இரு பக்கத்திலிருந்தும் நுழையும் ஒரு சின்ன உருளை அது. பக்கத்துக்கு ஒரு குட்டித் திருகு. அதை ஆலன் கீ என்ற அறுகோணச் சாவியைப் போட்டு இறுக்கினால் இரண்டு தண்டும் ஒன்றாகச் சுற்றும். அந்த வாரம் முழுக்க ஷெட்டில் சாமான் இறைந்து கிடந்தது. ஆலன் கீ தொலைந்தது, ஸ்பானர் தொலைந்தது, என் மூக்குக்கண்ணாடி ஒருமுறை தொலைந்து இயந்திரத்துக்குள்ளேயே கிடைத்தது. ஆனால் ஆசிரியன் அல்லவா, எல்லாவற்றையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்தேன்.

பூட்டி முடித்து ஓட்டினேன். பறந்தது! சந்தோஷத்தில் பாக்கியத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “இவ்வளவு வேகமா எங்க போகுது?” என்று கேட்டாள்.

மணையில் கை வைக்கும் முன் அதே அளவு ரப்பர் மரப் பலகையில் சோதித்துப் பார்த்தேன். எங்களுக்குக் காலை எட்டரை மணிக்குக் கரண்ட் போய்விடும். அதனால் தினமும் சரியாக ஆறேகாலுக்குத் தொடங்குவேன். இயந்திரம் முதலில் இடது பாதியைச் செதுக்கும்: ‘கயல்விழி’, பாதிக் கொடி. பிறகு இடக் கோடியிலிருந்து வலப் பாதிக்கு ஒரே தாவலாகத் தாவி ‘சரவணன்’ என்ற மாப்பிள்ளை பெயரையும் மீதிக் கொடியையும் செதுக்க வேண்டும். முதல் நாள் இடது பாதி அச்சு வார்த்த மாதிரி வந்தது. வலது பாதி மொத்தமும் இரண்டு விரற்கடை இடது பக்கம் தள்ளி விழுந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும்.

நான் நோட்டில் நேரம் குறித்தேன். ஒவ்வொரு நாளும் பிசகியது ஏழேகாலுக்கு. ஏழேகாலுக்கு இந்த வீட்டில் என்ன நடக்கிறது? காதைத் தீட்டினேன். அடுப்படியிலிருந்து ‘கர்ர்ர்’ என்று வந்தது.

“பாக்கியம்! மிக்ஸியப் போட்டியா?”

“ஆமா. சட்னி வேணாமா ஒங்களுக்கு?”

“எத்தன மணிக்குப் போட்ட?”

“மணி பாத்தா சட்னி அரைக்காக? ஏழேகால் இருக்கும். கரண்டு போறதுக்குள்ள ஏழரைக்கு இட்லி தட்டுல இருக்கணும்னு நீங்கதான சட்டம் போட்டீக?”

கண்டுபிடித்துவிட்டேன்! மிக்ஸி மோட்டாரில் பொறி தெறிக்கிறது. அந்த இரைச்சல் வீட்டு மின்சாரக் கம்பி வழியாக ஷெட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் மோட்டாருக்கு அனுப்பும் துடிப்புகளைக் கலைக்கிறது. இப்படி நடக்கும் என்பது உண்மைதான். கொள்கையில் குற்றமில்லை, அதுதான் கொடுமை. இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடந்தால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எழுதிய மாணவனின் விடைத்தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டவன் நான். இயந்திரத்தை ஆறேகாலுக்குத் தொடங்குவதும் நான், சட்னிக்கு நேரம் வைத்ததும் நான். அது மட்டும் நோட்டில் ஏறவில்லை.

இப்ராகிம் பாய்க்குப் போன் போட்டு என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“சார், கரண்ட அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல திருகு எல்லாத்தையும் ஒரு சுத்து இறுக்கிப் பாத்துருங்களேன்.”

“பாய், இது மின்காந்தச் சமாச்சாரம்.”

“அப்படிங்களா. அதெல்லாம் எனக்கு வெளங்காது சார். ஆனா மரத்த வெட்டுறது இரும்புதான? காந்தம் வந்து வெட்டலையே?”

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய மனிதர், இவருக்கு என்ன தெரியும் என்று போனை வைத்தேன். அவருக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். எனக்குத் தேவைப்பட்டதும் அந்த ஒன்றுதான்.

மறுநாள் முதல் எங்கள் வீட்டில் மிக்ஸி தடை. பதினெட்டு நாள் இட்லிப் பொடி. பத்தாம் நாள் பாக்கியம் பக்கத்து வீட்டில் போய்ச் சட்னி அரைத்துக்கொண்டு வந்தாள். அந்த வீடும் ஒரே கம்பத்தில் கரண்ட் எடுக்கும் வீடு. நான் பதறிப்போய், காலை ஆறேகால் முதல் எட்டரை வரை மிக்ஸி போட வேண்டாம் என்று அங்கேயும் போய்க் கேட்டுக்கொண்டேன். அந்த அம்மா என்னிடம் சரி என்று தலையாட்டிவிட்டு, பாக்கியத்திடம் தனியாக, “அண்ணனுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்று விசாரித்திருக்கிறார்.

இதற்கிடையில் என் கொள்கைக்கு நிரூபணமும் கிடைத்தது. நீளப் பலகை தீர்ந்துபோனதால் சின்னத் துண்டுகளில் பெயர்களை மட்டும் செதுக்கிப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை! (சின்னத் துண்டில் தாவுவதற்குத் தூரமே இல்லை. அது எனக்கு உறைக்கவில்லை.) நோட்டில் ‘மிக்ஸியே காரணம், ஐயமில்லை’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். பிறகு நீளப் பலகை வாங்கி ஓட்டினேன். மறுபடி இரண்டு விரற்கடை. அது பிசகிய நேரத்தில் நான் ஷெட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறதா என்று மதில் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஓடவில்லை. ஆகவே குற்றவாளி ஃப்ரிட்ஜ் என்று தீர்மானித்து அதையும் அணைத்தேன். பால் திரிந்தது. மாவு பொங்கித் தரையில் வழிந்தது. அன்று மத்தியானம் பாக்கியம் பையில் சேலைகளை அடுக்கினாள்.

“மிக்ஸி போச்சு, ஃப்ரிட்ஜ் போச்சு. நாளைக்கு நான் மூச்சு விட்டாக்கூட ஒங்க மிஷினு நகந்துரும். நான் சுருளிப்பட்டிக்கு எந்தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அங்கன திராட்சைத் தோட்டத்துல மூச்சு விட்டா யாரும் ஏன்னு கேக்க மாட்டாக.”

பிறகு அடுப்படிக்குப் போய் மிக்ஸியைத் தூக்கி, மூன்று ஜாரோடு வயர்கூடையில் வைத்தாள்.

“அத எதுக்குத் தூக்கிட்டுப் போற?”

“சந்தேகத்துக்கு எடமில்லாம இருக்கட்டும்.”

கம்பம் பஸ்ஸில் மடியில் மிக்ஸியை வைத்துக்கொண்டு அவள் போனாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் நடந்தது.

கல்யாணத்துக்கு ஆறு நாள்தான் பாக்கி. மணையை எடுத்துப்போகத் தங்கையும் மச்சானும் மறுநாள் வருவதாக இருந்தது. வீட்டில் மிக்ஸி இல்லை. ஃப்ரிட்ஜ் இல்லை. மனைவியே இல்லை. இனி எந்தச் சோதனையும் தேவையில்லை என்று முடிவு செய்து, மறுநாள் ஆறேகாலுக்கு மணையைத் தூக்கி மேஜையில் பூட்டினேன்.

இடது பாதி வந்த அழகை என்னவென்று சொல்ல! பலாவின் மஞ்சளில் தாமரைக்கொடி புடைத்துக்கொண்டு நின்றது. ‘கயல்விழி’ என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி எழுத்து. எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஷெட்டுக்கும் கிணற்றடிக்கும் நடந்தேன். துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். ஏழேகால் ஆனது. வீடு நிசப்தமாக இருந்தது. இயந்திரத்தின் கை இடது வேலையை முடித்து, நிமிர்ந்து, வலப் பாதிக்குத் தாவியது.

‘டக்.’

சின்னச் சத்தம். அதுவரை மிக்ஸி இரைச்சலில் எனக்குக் கேட்காமல் இருந்த சத்தம்.

கை போகவேண்டிய இடத்துக்கு இரண்டு விரற்கடை முன்பே நின்றது. மரத்தில் இறங்கியது. நிறுத்த வேண்டும்! அவசரத்துக்கு அழுத்த ஒரு சிவப்புப் பொத்தான் வைத்திருந்தேன். அதை விடப் பெரிய பொத்தான் போட வேண்டும் என்று போன வாரம்தான் அதைக் கழற்றியிருந்தேன். பிளக்கைப் பிடுங்கலாம் என்றால், பிளக் பாழாய்ப்போன ரப்பர் பலகைக் குவியலுக்குப் பின்னால். ஒவ்வொரு பலகையாக எடுத்து எறிந்து, முழங்கை தோல் உரிய நான் பிளக்கைப் பிடுங்குவதற்குள் ‘சரவண’ வரை ஆகிவிட்டது. அதில் ‘ச’ முழுதாகக் கயல்விழியின் கடைசி எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. உழுத நிலம் மாதிரி ஆகிவிட்டது அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்த இடம்.

பத்து மணி இருக்கும். வாசலில் வேன் சத்தம் கேட்டது. ஓடினேன். மச்சான் முன் கதவைத் திறந்து இறங்கினார். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர். ஆளைப் பார்த்தே சரக்கு மட்டமா இல்லையா என்று சொல்லிவிடுவார். என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன மச்சான், முகம் வெளிறிக் கெடக்கு? மண ஆச்சா?”

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். எனக்கு அறுபது வயது, பட்டப்படிப்பு, நல்லாசிரியன் என்ற பெயர். நான் சொன்னேன்: “எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு மச்சான். சரியா ஏழேகாலுக்கு இவ மிக்ஸியப் போட்டுட்டா. எல்லாம் போச்சு. எத்தன தடவ சொல்றது?”

மச்சான் வேனின் பின் கதவைப் பார்த்தார். அது திறந்தது. முதலில் ஒரு வயர்கூடை இறங்கியது. அதற்குள் மிக்ஸி. அதைப் பிடித்துக்கொண்டு பாக்கியம் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் என் தங்கை.

விடிந்ததும் சுருளிப்பட்டிக்குப் பத்திரிகை வைக்கப் போனவர்கள், திரும்பும் வழியில் அவளையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

பாக்கியம் கூடையை என் காலடியில் வைத்தாள். “கேளுங்க இதுக்கிட்ட. ஏழேகாலுக்கு எங்கன இருந்துச்சுன்னு.”

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷெட்டுக்குள் போய் மணையைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. தங்கை பக்கத்தில் வந்தாள். உள்ளங்கையால் அந்தக் குதறிய இடத்தை ஒருமுறை தடவினாள். “அப்பா உக்காந்த எடம்ணே” என்றாள். அவ்வளவுதான். அவள் திட்டியிருக்கலாம்.

அந்த நேரத்தில் பாக்கியம் மேஜை மேல் கிடந்த நோட்டை எடுத்துப் புரட்டினாள். மிக்ஸியைப் பற்றி இருபத்து மூன்று பக்கம். நேரம், வரைபடம், அடிக்கோடு எல்லாம் இருந்தன. பின்னாலிருந்து முன்னால் புரட்டிக்கொண்டே வந்தவள், முதல் பக்கத்தில் நின்றாள். சத்தமாக வாசித்தாள், என் கையெழுத்தில் நான் எழுதியதை:

“இட வல மோட்டார் கப்ளிங், ஒரு திருகு: ஆலன் கீ காணவில்லை. தற்காலிகமாக ஸ்க்ரூடிரைவர் முனையால் திருகியுள்ளேன். நாளை கட்டாயம் இறுக்கவும்.”

மச்சான் குனிந்து அந்த உருளையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். தண்டு அசையாமல் உருளை மட்டும் சுற்றியது. “மச்சான், இது என் வெரலுக்கே சுத்துதே!”

மெதுவாகப் போனால் பிடித்துக்கொள்ளும். வேகமாகத் தாவினால் வழுக்கிவிடும். இப்ராகிம் பாய் சொன்ன ஒரு சுற்று.

மணையைத் திருப்பிப் போடலாம் என்றால் அடியில் குறுக்குச் சட்டம் இருந்தது. இழைக்கலாம் என்றால் பள்ளம் ஆழம். வேறு மணை வாங்கத் தங்கை ஒப்பவில்லை. ஆகவே அதே மணை, மேலே நாலாக மடித்த பட்டுத்துணி. பட்டு வழுக்கும் அல்லவா? மணவறையில் பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து உட்காரும்போதெல்லாம் அது நகர்ந்து குதறல் எட்டிப் பார்க்கும். தாய்மாமன் நான் பக்கத்திலேயே குனிந்து நின்று அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். போட்டோக்காரர், “தாய்மாமா, கொஞ்சம் நிமிருங்க” என்று கத்திக் கத்தி ஓய்ந்துபோனார். ஆல்பத்தில் இருக்கும் என் படம் ஒன்றிலும் முகம் கிடையாது. வழுக்கைதான் இருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, ஏன் இவர் குனிந்தே நிற்கிறார் என்று கேட்டார். முந்தின வாரம் என்னால் பொய்ப்பழி சுமந்தவளுக்கு, எல்லாவற்றையும் போட்டு உடைக்க அதை விட நல்ல சமயம் கிடைக்காது. பாக்கியம் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: “அவுகளுக்கு இடுப்புப் பிடிப்பு. ஆனாலும் மருமக கல்யாணம்னு வந்து நிக்காக.”

மணையைக் கெடுத்ததை விட எனக்கு இன்னும் ஆறாதது அந்த ஒரு வாக்கியம்தான். மன்னிப்புக் கேட்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்து, கேட்காமலே விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து இந்த வீட்டில் சட்னி அரைப்பது நான்.

கயல்விழிக்கு மணையின் மேல் கோபமில்லை. யார் பெயரை யார் முதலில் அழித்தது என்று வீட்டில் சண்டை வந்தால் அத்தாட்சி காட்ட வசதியாக இருக்கிறதாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை எது கெட்டாலும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். பஸ் தாமதமானாலும், ஏலக்காய் விலை இறங்கினாலும், மாவு புளித்தாலும் அதேதான். போன வாரம்கூட மச்சான் போனில் கேட்டார்: “அப்ப மிக்ஸி எங்கன இருந்துச்சு மச்சான்?”

இப்போதும் தினமும் ஆறேகாலுக்கு, திருகு இறுக்கிய இயந்திரத்தைத் தொடங்கிவிட்டு, ஏழேகாலுக்கு அடுப்படிக்கு வந்து மிக்ஸியைப் போடுகிறேன். இரண்டும் சேர்ந்து இரைகின்றன. கூடத்திலிருந்து பாக்கியத்தின் குரல் வரும்.

“நகந்துச்சா?”

“இல்ல.”

“சரி, உப்பு கொஞ்சம் கொறச்சுப் போடுங்க. நேத்துக் கரிச்சுருச்சு.”